ஸ்பேனரில் காக்கைக்கால் குறி: சுனாமிக்கு அப்புறம் மட்டக்களப்பு வந்த பிரிட்டிஷ் கப்பல் எது?

பட்டினத்துப் பையன்

எல்லாருக்கும் வணக்கம். கப்பல் சமாச்சாரம் தெரிஞ்சவங்க இருந்தா கொஞ்சம் உதவுங்க.

எனக்கு ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். வேலை பார்க்கிறது புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம், ஒரு ஜெனரேட்டர் ஒர்க்‌ஷாப்ல. எங்ககூட மட்டக்களப்பு அண்ணன் ஒருத்தர் இருக்கார். அவர் டூல் பெட்டியில ஒரு ரிங் ஸ்பேனர் உண்டு. மத்த எதை எடுத்தாலும் ஒண்ணும் சொல்லமாட்டார், அதைத் தொட்டா மட்டும் மூஞ்சி மாறிடும். தண்டுல 3/4 ஏ.எஃப். அப்படின்னு இருக்கும். அதுக்குப் பக்கத்துல காக்கா மிதிச்ச மாதிரி ஒரு குறி, மூணு கோடு ஒரு முனையில சேருது. 19 நட்டுக்கெல்லாம் அதைத்தான் போடுவார்.

போன வாரம் மழையில கரன்ட்டும் இல்லாம சும்மா உட்கார்ந்திருந்தப்ப வாயைக் கிளறினேன். சுனாமி முடிஞ்சு கொஞ்ச நாள்ல பிரிட்டிஷ் நேவிக்காரங்க அவங்க ஊருக்கு வந்தாங்களாம். அவர் அப்பாவோட போட்டு இன்ஜினைப் பிரிச்சு ஓட வெச்சுக் கொடுத்தாங்களாம். போறப்ப ஒருத்தர் மணல்ல விட்டுட்டுப் போனதாம் இந்த ஸ்பேனர். கப்பல் பேர் "சாத்தம்"ங்கிறார்.

அப்படி ஒரு கப்பல் நிஜமா வந்துச்சா? அந்தக் குறி என்ன? கப்பல் இப்ப எங்க இருக்கு? இன்னொண்ணு, எங்க ஊர்லயும்தான் அத்தனை பேர் போனாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு. எங்க ஆயா என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினது மட்டும் ஞாபகம் இருக்கு. அங்க வந்த கப்பல் இங்க ஏன் வரல?

கரையோரம்

எச்.எம்.எஸ். சாத்தம், கப்பல் எண் எஃப் 87. டைப் 22 வகை ஃபிரிகேட், போர்க்கப்பல். 2011-ல் ஓய்வு. இப்போ இல்லை. தேடினால் படம் கிடைக்கும்.

பழைய சீஃப், ஓ.டி.

மேல சொன்னது சரிதான். ஆனா பையன் நாலு கேள்வி கேட்டிருக்கான், ஒரு வரியில முடிச்சா எப்படி?

தம்பி, நான் இந்திய கடற்படையில சீஃப் இ.ஆர்.ஏ.வா இருந்து 1998-ல வெளிய வந்தவன். இ.ஆர்.ஏ.ன்னா இன்ஜின் ரூம் ஆர்டிபிசர், கப்பலுக்குள்ள ஃபிட்டர். அப்புறம் கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன், துறைமுகம் பக்கத்துல போட்டு இன்ஜின் ஒர்க்‌ஷாப் வெச்சிருந்தேன். இப்ப என் பையன் பார்த்துக்கிறான், நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனைக் குறை சொல்றேன்.

முதல்ல காக்காக்கால். அதுக்குப் பேரு பிராட் ஆரோ, அகல அம்பு. பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துங்கிறதுக்கான முத்திரை, பல நூறு வருஷமா இருக்கு. பீரங்கியிலேர்ந்து கைதிச் சட்டை வரைக்கும் அடிச்சிருக்காங்க. எவனாவது தூக்கிட்டுப் போய் வித்தா மாட்டணும், அதுக்குத்தான். ஏ.எஃப்.ங்கிறது நட்டோட ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் நடுவுல உள்ள அளவு, இன்ச் கணக்கு. முக்கால் இன்ச்சுன்னா 19.05 மில்லிமீட்டர். 19 நட்டுக்கு அச்சா உட்காரும், உங்க அண்ணன் விவரமான ஆள். இதே நம்பிக்கையில அரை இன்ச்சை எடுத்து 12 நட்டுக்குப் போட்டுடாத, மூலையெல்லாம் மழுங்கிடும். அது 12.7.

இப்ப கப்பல். சாத்தத்தை நான் நேர்ல பார்த்திருக்கேன். 1995-ல பிரிட்டிஷ்காரங்க ஆண்ட்ரோமெடாங்கிற பழைய லியாண்டர் வகைக் கப்பலை நமக்கு வித்தாங்க. 1982-ல அர்ஜென்டினாவோட நடந்த ஃபாக்லாந்து சண்டைக்குப் போன கப்பல், 1968-ல படையில சேர்ந்தது. நாம ஐ.என்.எஸ். கிருஷ்ணான்னு பேர் வெச்சுப் பயிற்சிக் கப்பலாக்கினோம். அதை எடுத்துட்டு வர பிளிமத் போன கூட்டத்துல நானும் ஒருத்தன். டெவன்போர்ட் தளத்துல எங்க கப்பல் 113 மீட்டர் நீளத்துல நிக்குது. கொஞ்சம் தள்ளி 148 மீட்டர்ல ஒண்ணு. ஏழு ரயில் பெட்டியைக் கோத்து வெச்ச நீளம்னு வெச்சுக்க. பக்கவாட்டுல எஃப் 87.

அங்க வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார சீஃப் எங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். நாங்க நீராவி ஆளுங்க. பாய்லர் ரூம்ல நின்னா வேர்வை பூட்சுக்குள்ள இறங்கும், உப்பு மாத்திரை போட்டுக்கிட்டு நாலு மணி நேரம் நிக்கணும். சாத்தம்ல இறங்கிப் பார்த்தா மெஷின் ரூம்ல ஆளே இல்ல. எல்லாரும் குளிர்ற கன்ட்ரோல் ரூம்ல உட்கார்ந்து மீட்டர் பார்க்கிறாங்க, கையில டீ கப். ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பே ரெண்டு, டைன் ரெண்டு, நாலுமே கேஸ் டர்பைன். ஸ்பே, டைன் ரெண்டும் முதல்ல விமானத்துக்காகச் செஞ்ச இன்ஜின்கள், அப்புறம் கப்பலுக்கு மாத்தினது. சும்மா ஊர்ந்து போறதுக்கு டைன், விரட்டிப் போகணும்னா ஸ்பே. 30 நாட், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர். எங்களுக்கு ஆறின பாய்லர்ல நீராவி ஏத்தவே பல மணி நேரம் ஆகும், அவங்க பட்டனைத் தட்டினா சில நிமிஷத்துல கிளம்பிடலாம். எனக்குப் பொறாமைதான், மறைக்க என்ன இருக்கு.

அதோட கதை இதுதான். கட்டினது இங்கிலாந்தோட வடகிழக்குல டைன் ஆத்தங்கரை, ஸ்வான் ஹன்டர் கப்பல்கட்டும் தளம். 1988 ஜனவரியில தண்ணியில இறக்கி 1990 மே மாசம் படையில சேர்த்தாங்க. பேர் வெச்சது சாத்தம் கப்பல் தளத்துக்காக. நெல்சனோட விக்டரி கப்பலைக் கட்டின இடம் அது. 1984-ல அதை மூடிட்டாங்க, மூடின கையோட கப்பலுக்குப் பேரையாவது வைப்போம்னு வெச்சிருக்காங்க. கப்பலோட வாசகமும் வேடிக்கை. மத்தது பெரும்பாலும் லத்தீன்ல மந்திரம் மாதிரி இருக்கும், இதுல "அப் அண்ட் அட் எம்". எழுந்து பாஞ்சு அடிடாங்கிற மாதிரி.

டைப் 22-ல முதல்ல கட்டின கப்பல்களுக்குப் பெரிய பீரங்கியே கிடையாது. எல்லாம் ஏவுகணை யுகம், பீரங்கி எதுக்குன்னு விட்டுட்டாங்க. 1982 ஃபாக்லாந்துல கரையில நிக்கிற சிப்பாய்களுக்குக் கப்பல் பீரங்கி எவ்வளவு உதவுச்சுன்னு பார்த்தப்புறம்தான் புத்தி வந்துச்சு. கடைசியா கட்டின நாலுலயும், கார்ன்வால், கம்பர்லாண்ட், கேம்பெல்டவுன், சாத்தம், 4.5 இன்ச் பீரங்கியைத் திரும்ப வெச்சாங்க. 22 கிலோமீட்டர் போகும். நம்ம கடலூர் வெள்ளி கடற்கரையில நின்னு சுட்டா பாண்டி பீச்சுல காந்தி சிலைகிட்ட விழும், அவ்வளவு தூரம். (நம்ம கடலுக்கு இதெல்லாம் புதுசு இல்ல. 1758-லயும் 1783-லயும் பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் கடலூருக்கு எதிர்ல கப்பல் கப்பலா நின்னு அடிச்சுக்கிட்டவங்கதான்.)

1997-ல, நீ பிறந்த வருஷம், ஹாங்காங்கைச் சீனாவுக்குத் திருப்பிக் கொடுத்த ராத்திரி அரச குடும்பத்துப் படகு பிரிட்டானியா இளவரசர் சார்லஸை ஏத்திக்கிட்டுக் கிளம்பினப்ப கூடப் போனது சாத்தம்தான். 2000-ல மேற்கு ஆப்பிரிக்காவுல சியரா லியோனுக்குப் போச்சு. 2003 மார்ச்ல ஈராக் சண்டை, அல் ஃபா முனையில இறங்கின பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்காகக் கடல்லேர்ந்து சுட்ட நாலு கப்பல்ல இதுவும் ஒண்ணு. மத்த மூணு மார்ல்பரோ, ரிச்மண்ட், ஆஸ்திரேலியாவோட அன்சாக்.

அதுக்கு அடுத்த வருஷம் டிசம்பர் 26. சாத்தம் அப்ப வளைகுடாப் பக்கம் இருந்துது. உதவிக்குப் போன்னு உத்தரவு வந்துச்சு, ஆபரேஷன் காரன்னு பேர். டிலிஜன்ஸ்னு இன்னொரு கப்பலும் கூட. ரெண்டும் ஜனவரி முதல் வாரத்துல இலங்கையோட கிழக்குக் கரைக்கு வந்து, மட்டக்களப்புப் பக்கம் ஹெலிகாப்டர்லயும் சின்னப் படகுலயும் ஆளுங்களை இறக்கினாங்க. அதனால உங்க அண்ணன் சொல்றது கதை இல்ல.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு. இந்த டிலிஜன்ஸ் சண்டைக் கப்பலே இல்ல, அப்ப அது மிதக்கிற ஒர்க்‌ஷாப். லேத், வெல்டிங் எல்லாம் உள்ளயே இருந்துச்சு, மத்த கப்பலைப் பழுது பார்க்கிறதுதான் அதோட வேலையா இருந்துச்சு. போட்டு இன்ஜினைப் பிரிச்சுப் போட்டவர் அந்தக் கப்பல் ஃபிட்டராவும் இருக்கலாம். ஸ்பேனரை வெச்சு எதுன்னு சொல்ல முடியாது, காக்காக்கால் ரெண்டுலயும் இருந்திருக்கும்.

கரையோரம்

சீஃப் சார், விவரம் அருமை. ஆனால் ஒன்று சொல்லியே ஆகணும். பிரிட்டிஷ்காரன் வர ஒரு வாரம். நம்ம கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் அடுத்த நாளே இலங்கையில் இருந்தன. ஆபரேஷன் ரெயின்போ. அதை யாரும் பேசுவதில்லை. வெள்ளைக்காரன் ஒரு ஸ்பேனரை விட்டுட்டுப் போனா இருபது வருஷம் பேசுறோம்.

பழைய சீஃப், ஓ.டி.

நியாயமான கோபம். இலங்கைக்கு ரெயின்போ, மாலத்தீவுக்கு காஸ்டர், இந்தோனேசியாவுக்கு கம்பீர், நம்ம தமிழ்நாட்டு, ஆந்திரக் கரைக்கு மதத். சொந்த வீடு மூழ்கிக் கிடக்கறப்ப அடுத்த வீட்டுக்கும் போனாங்க. பையன் கேட்டதுக்கும் பதில் இதுலயே இருக்கு. எங்களால சமாளிக்க முடியும்னு டெல்லி வெளிநாட்டு உதவியை அப்ப ஏத்துக்கல, அதனால அந்நியக் கப்பல் எதுவும் கடலூருக்கு வரல. அந்த முடிவு சரியா தப்பான்னு அரசியல் பேச நான் வரல. மாவட்டத்துல அறுநூறு பேருக்கு மேல போன நேரத்துல எவன் வந்திருந்தாலும் நான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன், அவ்வளவுதான்.

ஏன்னா எனக்குத் தேவைப்பட்டது சோத்துப் பொட்டலம் இல்ல, கை தெரிஞ்ச ஆள். திங்கட்கிழமை காலையில என் ஒர்க்‌ஷாப் வாசல்ல தலைகீழாக் கிடந்தது ஒரு ஃபைபர் போட்டு. அன்னிக்கு யாரும் இன்ஜினைப் பத்திப் பேசல, பேசுற நிலைமையும் இல்ல. ஆளைத் தேடிக்கிட்டிருந்தோம். நாலஞ்சு நாள் கழிச்சு ஒவ்வொருத்தரா இன்ஜினைத் தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. அங்கதான் வயித்தெரிச்சல். உப்புத்தண்ணி குடிச்ச டீசல் இன்ஜினுக்கு முதல் நாள்தான் உயிர். அன்னிக்கே நல்ல தண்ணியில அலசி, டீசலைப் பீச்சுற நாசிலைக் கழட்டி, கையால சுத்தித் தண்ணியை வெளிய தள்ளி, டீசலை ஊத்தி வெச்சுட்டா பொழைச்சுக்கும். ஒரு வாரம் மண்ணுல கிடந்ததுன்னா பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் ஒண்ணாப் பிடிச்சுக்கும். அடியில ஆயில் நிக்கிற சம்ப்பைத் திறந்தா ஆயில் பால் காப்பி கலர்ல வரும், அதோட மணல். டீசல் பம்புக்குள்ள உள்ள பிளஞ்சர் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில ஓடுற சாமான், அதுல ஒரு சொட்டு உப்பு போதும்.

பிடிச்சுக்கிட்ட பிஸ்டனை எப்படி எடுக்கிறதுன்னு கேப்ப. மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து மேல ஊத்தி ரெண்டு நாள் ஊற விடணும். அப்புறம் மரக்கட்டை வெச்சுத் தட்டணும், இரும்பு படவே கூடாது. தட்டறதும் பலமா இல்ல, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டற மாதிரி. முதல்ல ஒரு சத்தமும் மாறாது. திடீர்னு ஒரு தட்டுல சத்தம் மொத்தையா கேக்கும், விட்டுடுச்சுன்னு அர்த்தம். அப்படி வந்ததுல பாதிக்கும் கொஞ்சம் மேல தேத்தினேன். மீதி எடைக்குப் போச்சு. எனக்கு அப்ப இருந்தது நாலு பசங்க, ஒரு வைஸ். மட்டக்களப்பு ஆளுங்களுக்கு ஒரு கப்பல் ஒர்க்‌ஷாப்பே வந்து நின்னிருக்கு. மறுபடியும் பொறாமைதான்.

(அப்புறம் ஆறு மாசத்துல தொண்டு நிறுவனங்க புது ஃபைபர் போட்டாக் கொண்டுவந்து கொட்டினது தனிக் கதை. கடலுக்கே போகாதவன் வாசல்லயும் ஒரு போட்டு நின்னுச்சு.)

வாவிக்கரை

வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடி. கொஞ்சக் காலமா பாண்டிச்சேரியில இருக்கிறன், பிள்ளையின்ட படிப்புக்காக. இந்த இழையைப் பார்த்திட்டு எழுதாம இருக்க முடியல்ல.

அவங்க வந்தது உண்மை. எங்கட பக்கம் முதல்ல ஹெலிகொப்டர் தாழப் பறந்து வட்டம் போட்டுது. அந்தக் காலத்தில ஹெலிகொப்டர் சத்தம் கேட்டா நாங்க வெளியில வாறதில்ல, உள்ளுக்கு ஓடுறதுதான் பழக்கம். அது உங்களுக்கு விளங்குமோ தெரியாது. அம்மா என்னைக் கட்டிலுக்குக் கீழ போகச் சொன்னா. கட்டில் எங்க, வீடே இல்ல. பேந்து சிவப்பு முகத்தோட நாலைஞ்சு பேர் வந்து கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்தாங்க. தண்ணிப் பம்பு ஒண்டு கொண்டுவந்து உப்புத்தண்ணியை இறைச்சுப் போட்டு, அடியில கிடந்த சேத்தை வாளியால அள்ளினாங்க. ஒருத்தர் கிணத்துக்குள்ள இறங்கினவர், ஏறி வரேக்க தலையெல்லாம் சேறு. எங்கட மாமி தோடம்பழம், உங்கட ஆரஞ்சு, ரெண்டு குடுத்தா. வாங்கேல்ல, திருப்பிக் குடுத்திட்டார். மாமிக்குக் கோபம், வீட்டுக்கு வந்தவர் ஒண்டும் வாங்காமப் போறதோ எண்டு. கடைசியில ஒரு பழத்தை நாலாப் பிச்சுச் சாப்பிட்டாங்க.

கப்பல் பேர் எனக்கு ஞாபகமில்ல. கரையில இருந்து பார்த்தா தூரத்தில சாம்பல் நிறத்தில ஒண்டு நிண்டது, அவ்வளவுதான். அது இப்ப இல்லையோ?

பழைய சீஃப், ஓ.டி.

இல்லம்மா. சுனாமிக்கு அப்புறமும் ஆறு வருஷம் ஓடுச்சு. 2010-ல சோமாலியாப் பக்கம் நேட்டோ கப்பல் கூட்டத்துக்குத் தலைமைக் கப்பலாப் போய்க் கொள்ளைக்காரங்களை விரட்டிட்டு வந்துச்சு. அந்த வருஷமே லண்டன்ல செலவைக் குறைக்க உட்கார்ந்து கணக்குப் போட்டாங்க, நாலு கப்பலையும் எடுத்துடலாம்னு முடிவாச்சு. 2011-ல கொடி இறங்குச்சு. 21 வருஷம்தான். கப்பலுக்கு அது நடு வயசு. நாங்க எடுத்துட்டு வந்த ஆண்ட்ரோமெடாவைப் பாருங்க, 1968-ல சேர்ந்தது, கிருஷ்ணாவா 2012 வரைக்கும் பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச்சு. சாத்தத்தோட அண்ணன்மாருங்க, அதாவது முதல்ல கட்டின டைப் 22-கள்ல பலதை, பிரேசில், சிலி, ருமேனியான்னு வித்துட்டாங்க. அதிசயமா, கடைசியாக் கட்டின நல்ல நாலையும் யாருக்கும் விக்கல. சாத்தத்தை 2013-ல துருக்கியில அலியாகா கரைக்கு இழுத்துட்டுப் போய் உடைச்சுட்டாங்க. குஜராத்துல கப்பல் உடைக்கிற நம்ம அலாங் மாதிரி இடம் அது.

அந்த டர்பைன் ரூமை நினைச்சா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. கீழ தரையில நீங்க சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்.

பட்டினத்துப் பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சீஃப் ஐயா எழுதினதையும் வாவிக்கரை அக்கா எழுதினதையும் டீ டைம்ல அண்ணனுக்குப் படிச்சுக் காட்டினேன். கிணறு இறைச்ச இடத்துல கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். கல்லடியில எந்த ஒழுங்கை, அதாவது எந்தத் தெருன்னு அக்காகிட்ட கேக்கச் சொன்னார், சொல்ல முடிஞ்சா தனியா மெசேஜ் போடுங்க அக்கா.

அப்புறம் டிலிஜன்ஸ் விஷயத்தைச் சொன்னதும் டீயைக் கீழ வெச்சுட்டார். வந்தவரோட தொப்பியில நீளமா ஒரு பேர் இருந்துச்சாம். சாத்தம்னா சின்னப் பேருதானேன்னு இப்பத்தான் யோசிக்கிறாராம். "அப்ப அது மத்தக் கப்பலாத்தான் இருக்கும்"னு அவரே சொன்னார். சரி, இனிமே டிலிஜன்ஸ்னு சொல்லுங்கண்ணேன்னேன். அதுக்கு அவர், "இருபது வருஷமா சாத்தம் சாத்தம் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இனி மாத்த ஏலாது"ன்னுட்டு ஸ்பேனரைத் துணியில சுத்தி உள்ள வெச்சுட்டார்.

ஐயா, ஓ.டி.யில உங்க ஒர்க்‌ஷாப் எங்க? எங்க சித்தப்பா போட்டு இன்ஜின் ஸ்டார்ட்டிங்ல வெள்ளைப் புகை கக்குது. ஞாயித்துக்கிழமை கொண்டு வரட்டுமா?

பழைய சீஃப், ஓ.டி.

கொண்டு வா. பஸ் ஸ்டாண்டுல இறங்கி யாரைக் கேட்டாலும் நேவிக்காரர் பட்டறைன்னு சொல்வாங்க. வர்றதுக்கு முன்ன டேங்க் அடியில தண்ணி இருக்கான்னு பார்த்துடு. பாதி கேஸ் அதுதான், அதுக்கு எனக்கு நீ காசு குடுக்க வேண்டாம்.